தவளையும் பூச்சியும் கணக்கெடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கியதும் எங்கள் கணக்கெடுப்புக்குப் புது ஆட்கள் வருவார்கள். கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், வங்கியில் ஓய்வு பெற்றவர், ஒருமுறை ஒரு தையல்காரர். கையில் டார்ச், வாய் நிறையக் கேள்வி. ஆண்டுதோறும் வருவது கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடியையும் அதன் அடிவாரத்தையும் மனத்தில் வைத்துச் சொன்ன பதில்கள்.

தவளைக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம்? ஏன் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறீர்கள்?

முதல் காரணம் சோம்பல். இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே இருட்டு, ஒரே டார்ச். தனித்தனியாக இரண்டு இரவு எதற்கு நனைய வேண்டும்?

அப்புறம், ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் புரிந்துகொள்வது கஷ்டம். தவளை பூச்சியைத் தின்னும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே குட்டையில் தட்டானின் குஞ்சு தலைப்பிரட்டையைப் பிடித்துத் தின்பதை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், கணக்கு நேராகிவிடும். களக்காடு முண்டந்துறைக் காட்டில் வெண்புள்ளிப் புதர்த்தவளை என்று ஒன்று உண்டு. அறிவியல் பெயர் ராவோர்செஸ்டஸ் கலசோடஸ். நாணல் போல வளரும் ஒருவகை மூங்கிலின் கணுக்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்துக்குள் புகுந்து முட்டையிடும். உள்ளே போக அதற்குக் கிடைக்கும் வாசல், பூச்சியோ எலியோ முன்னமே குடைந்துவிட்டுப் போனதாகக் கருதப்படும் சின்னக் கீறல். ஆண் தவளை உள்ளேயே இருந்து முட்டைகளைக் காவல் காக்கிறது. இந்த வழக்கத்தை ஆய்வாளர்கள் 2014-ல்தான் எழுதினார்கள். அந்தக் கீறலைப் போட்டது யார் என்று கேட்கத் தொடங்கினால், தவளை ஆள் பூச்சி ஆளைத் தேடிப் போக வேண்டியதுதான்.

நூற்றைம்பது ஆண்டாக ஆராய்கிறார்களே, இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

நிறைய. ஊதாத் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதிய பலூனுக்குப் பன்றி மூக்கை ஒட்டியது போல இருக்கும். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கரையானைத் தின்று கிடக்கும். மழை தொடங்கும் சமயத்தில் சில நாள் மட்டும் மேலே வந்து முட்டையிட்டுவிட்டு மறுபடி உள்ளே. 2003-ல்தான் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி பொசையட்டும் அதற்கு நாசிகாபட்ரகஸ் சஹ்யாட்ரென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் நெருங்கிய சொந்தக்காரத் தவளைகள் இந்தியப் பெருங்கடலுக்கு நடுவே சேஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இதன் தலைப்பிரட்டையை 1917, 1918-லேயே சேகரித்து விவரித்திருந்தார்கள். தாய் யார் என்று தெரியாமலே 85 ஆண்டு ஓடியது. ஓடைப் பாறையில் வாயால் கவ்வி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தலைப்பிரட்டையை மலைவாழ் மக்கள் சிலர் பிடித்துச் சமைத்தும் வந்திருக்கிறார்கள்.

கதை அதோடு முடியவில்லை. நம் பக்கம், கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கிடைத்த ஊதாத் தவளை வேறு இனம் என்று 2017-ல் எழுதினார்கள். கோயம்புத்தூர் சலீம் அலி மையத்தில் ஊர்வன, தவளைகளை ஆராய்ந்து 2014-ல் மறைந்த சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக அதற்கு நாசிகாபட்ரகஸ் பூபதி என்று பெயர். அதே 2017-ல் மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து ஏழு இரவுத் தவளை இனங்கள் வந்தன. அவற்றில் நான்கு 18 மில்லிமீட்டர்கூடக் கிடையாது, கட்டைவிரல் நகத்தில் உட்காரும். 2014-ல் நடனத் தவளைகள் பதினான்கு. 2012-ல் மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியிலிருந்து ஒரு புதர்த்தவளை, ஊர்ப் பெயராலேயே ராவோர்செஸ்டஸ் காக்காச்சி.

பூச்சியின் பாக்கியைக் கேட்கவே வேண்டாம். உலகத்தில் பெயர் வைத்த பூச்சி இனங்கள் மட்டும் சுமார் 10 லட்சம். வைக்காதவை அதைவிடப் பல மடங்கு. இந்திய விலங்கியல் ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட நாட்டின் விலங்குப் பட்டியலில் 1,04,561 பெயர்கள், அதிலும் பெரும்பங்கு பூச்சிதான்.

ஆனால் புது இனம் கண்டுபிடிக்கலாம் என்ற ஆசையில் வருபவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: பழகிய இனம் எந்த ஓடையில் இருக்கிறது, எந்த மாதம் கூவுகிறது, போன ஆண்டு இருந்த இடத்தில் இந்த ஆண்டு இருக்கிறதா, இதுதான் நம் வேலையில் தொண்ணூறு பங்கு. புது இனம் என்பது தீபாவளி போனஸ்.

எந்த மாதம் வரலாம்?

மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை. சமவெளியிலும் கிழக்குச் சரிவிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எங்கள் ஊருக்கு இரண்டு மழையும் எட்டும், அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்.

தவறவிடக் கூடாதது முதல் பெருமழை இரவு. அன்றைக்கு வயல் ஓரக் குட்டையில் பெரிய தவளைகள் உடம்பெல்லாம் மஞ்சள் பூசியது போல ஆகி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் புடைக்கக் கத்தும். மறுநாள் போனால் வெறும் தண்ணீர்தான் இருக்கும். ஈசலும் அப்படித்தான், ஒரே மாலை. சில்வண்டுக்கு ஏப்ரல், மே. விளக்குப் பொறிக்கு அமாவாசையை ஒட்டிய இரவுகள். பௌர்ணமியில் பூச்சிகள் நம் பல்பைப் பெரிதாக மதிப்பதில்லை.

அட்டை கடிக்குமா?

கடிக்கும். புகையிலைத் தண்ணீர், உப்பு, எண்ணெய் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நீளமான காலுறை போதும். தவளைக் கணக்கெடுப்பில் காலில் மருந்து எதையும் பூசிக்கொண்டு ஓடையில் இறங்காதீர்கள். தவளை தோல் வழியாகவே மூச்சுவிடுகிற, தண்ணீர் குடிக்கிற உயிர், நாம் தொட்டதெல்லாம் அதன் உடம்புக்குள் போகும்.

தவளையை எப்படிக் கணக்கெடுப்பது?

நுணலும் தன் வாயால் கெடும் என்று பழமொழி. எங்கள் முறையின் பாதி அந்தப் பழமொழிதான். ஓடை ஓரமாக அளந்து வைத்த தூரத்தை இரவு ஏழு முதல் பத்துக்குள் மெதுவாக நடந்து, கேட்பதையும் பார்ப்பதையும் எழுதுவோம். புதர்த்தவளைகளில் பல, பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். குரல் கேட்டால்தான் வேறு வேறு என்று தெரியும். ஆகவே குரலைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் தேடுங்கள். பதிவின் கடைசியில் உங்கள் வாயாலேயே நாள், நேரம், இடம், வெப்பநிலையைச் சொல்லி முடியுங்கள். குளிர்ந்த இரவில் அதே தவளை மெதுவாகக் கூவும். வெப்பநிலை எழுதாத பதிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்பதும் வேண்டும். மூன்று பேர் ஒரு மணி நேரம் என்றால் மூன்று ஆள்-மணி. மூன்று ஆள்-மணியில் பன்னிரண்டு தவளை என்றால் அது செய்தி. வெறும் “பன்னிரண்டு தவளை பார்த்தோம்” என்பது திண்ணைப் பேச்சு. ஒன்றுமே கிடைக்காத இரவையும் அப்படியே எழுதுங்கள். புது ஆட்கள் சுழியம் எழுத வெட்கப்படுகிறார்கள். பத்து ஆண்டுக்கு முன்பு யாரோ வெட்கப்படாமல் எழுதிய சுழியம் இருந்தால்தான் இன்று அந்த ஓடையில் கிடைத்தது புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று பேச முடியும்.

குட்டையைச் சுற்றி மட்டும் தேடிவிட்டு வந்துவிடாதீர்கள். புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. இலைமேலோ ஈர மண்ணிலோ முட்டை. முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து குட்டித் தவளையாக வெளியே வரும். அவற்றுக்குக் குளம் எதற்கு? சருகுக்குள் வாழ்பவற்றுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, நான்கு மூலையிலிருந்தும் சருகைப் புரட்டிக்கொண்டே நடுவுக்கு வருவோம். மண்புழு போல வளையம் வளையமாக ஒன்று நெளிந்தால், கண்ணும் வாயும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சிசிலியன், காலில்லாத தவளைச் சொந்தம். பாம்புக்குட்டி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள் பாவம்.

புரட்டிய கட்டையையும் கல்லையும் இருந்தபடியே வையுங்கள்.

பூச்சிக்கு என்ன கருவி வேண்டும்?

ஒரு பழைய வெள்ளை வேட்டி. இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டி முன்னால் விளக்கைத் தொங்கவிட்டால் அதுதான் விளக்குப் பொறி. புற ஊதா பல்பு இருந்தால் கூட்டம் அதிகம் வரும். முதல் மணி நேரத்தில் சின்ன வண்டுகள், பச்சைத் தத்துப்பூச்சிகள். பெரிய அந்துப்பூச்சிகள் பல நள்ளிரவுக்குப் பிறகுதான். எட்டு மணிக்குக் கடையைக் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒரே பட்டியலை எழுதுவது இதனால்தான்.

மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணம் பத்து வாங்குங்கள். பாதி தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. மஞ்சளைப் பூ என்று நம்பி ஈக்களும் சின்னச் சின்னக் குளவிகளும் வந்து விழும். இந்தக் குளவிகளில் பல கொசுவைவிடச் சிறியவை, பிற பூச்சியின் முட்டைக்குள் முட்டை வைப்பவை. வலையை வீசி ஒருநாளும் பிடிக்க முடியாது. தரையில் ஓடும் வண்டுக்கும் எறும்புக்கும், காகிதக் கோப்பையை விளிம்பு தரைமட்டமாக இருக்கும்படி புதைக்க வேண்டும். விளிம்பு ஒரு தானிய அளவு தூக்கி நின்றால்கூட எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். புது ஆட்களின் கோப்பை காலியாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சாண வண்டுக்கு மேலே கொஞ்சம் சாணத்தைத் துணியில் கட்டித் தொங்கவிடுவோம்.

மலேஸ் பொறி என்று கூடாரம் போல ஒன்று இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ரெனே மலேஸ் 1930-களில் செய்தது. தன் கூடாரத்துக்குள் மாட்டிய பூச்சிகள் வெளியேற வழி தேடி மேல் மூலைக்கே போவதைக் கவனித்தவர், மூலையில் ஒரு சீசாவைப் பொருத்தினால் என்ன என்று யோசித்திருக்கிறார். அருமையான கருவி. ஆனால் ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கில் பிடித்துத் தரும், அதைப் பிரித்து அடுக்க ஆள் வேண்டும். பிரிக்க ஆளில்லாதவர்கள் அதைக் கட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. பரணில் கிடக்கும் அந்தச் சீசாக்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கொன்றுதான் ஆக வேண்டுமா? படம் எடுத்தால் போதாதா?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்பார்கள்.

பட்டாம்பூச்சிக்கும் தட்டானுக்கும் பெரும்பாலும் படமே போதும். இறக்கையின் மேல்புறம், கீழ்ப்புறம் தெளிவாக விழ வேண்டும், அவ்வளவுதான். இன்று பட்டாம்பூச்சியைப் பொழுதுபோக்குக்காகக் குத்தி வைப்பதை நாங்கள் யாரும் செய்வதில்லை. நன்றாகத் தெரிந்த தவளைகளுக்கும் படமும் குரலும் போதும்: பக்கவாட்டில் ஒன்று, முதுகு, வயிறு, விரலிடைச் சவ்வு, தொடையின் உட்புறம். தொடைக்குள் ஒளித்து வைத்திருக்கும் நிறம்தான் பல புதர்த்தவளைகளை அடையாளம் காட்டும்; உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாது.

மற்றவற்றுக்குப் போதாது. சின்ன வண்டு, ஈ, குளவி ஆகியவற்றில் இனத்தைப் பிரிப்பது பலசமயம் ஆண் உறுப்பின் வடிவம், மீசையின் கணு, காலில் ஒரு மயிர். நுண்ணோக்கியில்தான் தெரியும், செத்த பூச்சியில்தான் தெரியும். ஒரு தவளையைப் புது இனம் என்று சொல்ல வேண்டுமானாலும், அனுமதி பெற்ற ஆய்வாளர் ஒரு சிலவற்றை எடுத்தே ஆக வேண்டும்.

இதை நான் மனதார ஒப்புக்கொண்டதற்கு மூங்கிலுக்குள் முட்டையிடும் அந்த வெண்புள்ளித் தவளையும் ஒரு காரணம். லண்டனில் இருந்த ஆல்பர்ட் குந்தர், இங்கிருந்து போன மாதிரியை வைத்து 1876-ல் அதற்குப் பெயர் வைத்தார். பிறகு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2011 வாக்கில் மறுபடி கிடைத்தபோது, “இது அதுதான்” என்று சொல்ல முடிந்ததற்கு அந்தப் பழைய மாதிரியும் அதன் விவரிப்பும்தான் ஆதாரம். இலங்கையில் இன்னும் சோகம். அங்கே அற்றுப்போன புதர்த்தவளைகள் பல, 19-ஆம் நூற்றாண்டுச் சீசாக்களில் இருப்பதால்தான் அப்படியொன்று இருந்ததே தெரிய வந்தது. உலகத் தவளை, தேரை, சலமாண்டர், சிசிலியன் இனங்கள் 8,011-ஐ ஆராய்ந்து 2023-ல் வெளியான மதிப்பீட்டில் 40.7 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. காரணங்களில் முன்னால் நிற்பவை வாழிட இழப்பு, நோய், பருவநிலை மாற்றம். ஆய்வாளர் எடுத்த நான்கு தவளையால் ஓர் ஓடை காலியானதில்லை. ஓடையையே குழாயில் அடைத்தால் காலியாகும்.

அதற்காகக் கைக்கு வந்ததை எல்லாம் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. எடுத்தால் பெயர், இடம், நாளோடு ஒரு நிறுவனத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் எடுக்காதீர்கள்.

சீட்டு, சீட்டு என்று ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறீர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரியின் விலங்கியல் அலமாரியைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டார்கள். மேல் தட்டில் ஊறுகாய் ஜாடி அளவில் ஒரு கண்ணாடிச் சீசா. மூடியைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. உள்ளே ஒன்பது தவளைகள், நிறமெல்லாம் வெளுத்து வேகவைத்த உருளைக்கிழங்கு நிறத்தில். விரல் நுனிகள்கூடக் குலையாமல் அத்தனை நேர்த்தியாகப் பதப்படுத்தியிருந்தார்கள், யாரோ தொழில் தெரிந்தவர். வெளியே ஒட்டியிருந்த சீட்டைச் செல்லுப்பூச்சி தின்றுவிட்டது. மிஞ்சிய துண்டில் “தவளை - 9” என்று மட்டும் இருந்தது. எந்த மலை, எந்த ஆண்டு? தெரியாது. ஒன்பது உயிரும் வீண்.

சீட்டு சீசாவுக்கு உள்ளே, தவளையோடு திரவத்தில் மிதக்க வேண்டும். கெட்டித் தாளில் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும். பூச்சிக்கு நாங்கள் எழுதிய சீட்டு ஒன்று இப்படி இருக்கும்:

தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், தென்காசி, வீட்டுத் தோட்டம்
8.96 வ, 77.31 கி, சுமார் 150 மீ
12.11.2022, இரவு 8.40
விளக்குப் பொறி, லேசான தூறல்
சேகரித்தவரின் பெயர்

“குற்றாலம் அருகில்” என்று எழுதாதீர்கள். அருகில் என்றால் அருவிக்கு மேலா கீழா? உயரம் நூறு மீட்டர் மாறினால் தவளை மாறிவிடும்.

நல்ல சீட்டுக்கு உதாரணம் வேண்டுமானால் பி. சூசைநாதன். கோயம்புத்தூரில் இருந்து, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலக அருங்காட்சியகங்களுக்குப் பூச்சி சேகரித்து அனுப்பியவர். கோயம்புத்தூர், காரைக்கால் பக்கத்து நெடுங்காடு, ஆனைமலையின் சின்கோனா என்ற ஊர்ப் பெயர்களும் உயரமும் மாதமும் அவர் பெயரும் போட்ட சின்னஞ்சிறு சீட்டுகள் இன்று பல கண்டங்களின் இழுப்பறைகளில் இருக்கின்றன. “நாதனி” என்று பெயர் பெற்ற பூச்சிகள் உண்டு. அறிஞர்கள் இன்றும் அந்தச் சீட்டுகளைப் படித்து நெடுங்காட்டை வரைபடத்தில் தேடுகிறார்கள்.

எதிர் உதாரணமும் சொல்கிறேன். தென்னிந்தியத் தவளைகளை ஆராய்ந்த முன்னோடி சி.ஆர். நாராயண் ராவ், ராவோர்செஸ்டஸ் என்ற பேரினப் பெயர் அவர் நினைவாகத்தான். 1937-ல் அவர் பெயரிட்ட தவளைகளின் மூல மாதிரிகள் தொலைந்துவிட்டன. அவர் எழுதியது எந்தத் தவளையை என்று பின்வந்தவர்கள் பல ஆண்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

சேகரித்ததை எப்படிக் கெடாமல் வைப்பது?

தவளையை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் மட்டுமே. மயக்க மருந்தில் வலியில்லாமல் முடித்து, டி.என்.ஏ.வுக்கான தசைத் துண்டைத் தனியாக அடர் எத்தனாலில் போட்டபிறகே உடலை ஃபார்மலினில் இறுக்குவார்கள். வரிசை மாறினால் ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். எத்தனால் வாங்குவது கல்லூரிகளுக்கே உரிமத்தோடு கூடிய தலைவலி, தனியாளுக்குச் சொல்ல வேண்டாம்.

பூச்சியில் வண்டுக்கு வலப்பக்க மேலிறக்கை வழியாக ஊசி. இடப்பக்கம் முழுசாக இருந்தால்தான் பார்ப்பவருக்கு உடம்பின் பாதியாவது அப்படியே கிடைக்கும். அரிசியைவிடச் சிறியதை ஊசியில் குத்தாதீர்கள், முக்கோண அட்டை நுனியில் பசை வைத்து ஒட்டுங்கள். பெட்டியில் நாப்தலின். நம் ஊரில் எதிரிகள் இரண்டு: மழைக்காலப் பூஞ்சணம், உலர்ந்த பூச்சியைத் தின்னும் டெர்மஸ்டிட் வண்டு. பூச்சி சேகரிப்பைப் பூச்சியே தின்றுவிடும். ஊசிக்குக் கீழே பொடி உதிர்ந்திருந்தால் பெட்டியோடு உறைபதனப் பெட்டிக்குள் இரண்டு வாரம் வையுங்கள். ஒழுங்காக அடுக்கியதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

அனுமதி தேவையா?

காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் உள்ளே போகவே வனத்துறை அனுமதி வேண்டும், இரவில் நடக்க இன்னும் கறார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் அட்டவணையில் உள்ளதைப் பிடிக்க, சேகரிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி. பட்டாம்பூச்சிகளில் பல அதில் இருக்கின்றன, ஆகவே “பூச்சிதானே” என்று வலையை எடுக்காதீர்கள். பல்லுயிர்ச் சட்டம் 2002-ன்படி, புது இனம் கண்டுபிடித்தால் அதை அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அது 1916-ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம், சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. விண்ணப்பம் நகர மாதக்கணக்கில் ஆகும். ஜூன் சாரலுக்கு ஜனவரியில் எழுதுங்கள்.

உங்கள் தோட்டத்தில் படம் எடுக்க யாரிடமும் கேட்க வேண்டாம்.

பூட்ஸை ஏன் ப்ளீச்சிங் தண்ணீரில் கழுவச் சொல்கிறீர்கள்?

கைட்ரிட் பூஞ்சை. தவளையின் தோலைத் தாக்கி, அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் கூட்டம் கூட்டமாகக் கொன்ற நோய். மேற்குத்தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. ஓர் ஓடையின் சேற்றை அடுத்த ஓடைக்குக் கொண்டுபோகும் வண்டி நாமாக இருக்கக் கூடாது. பூட்ஸ், வலை, அளவுகோல் எல்லாம் கழுவிக் காய வேண்டும். தவளையைத் தொட வேண்டி வந்தால் ஒவ்வொன்றுக்கும் புதுப் பிளாஸ்டிக் பை.

பெயர் தெரியாவிட்டால் என்ன எழுதுவது?

தெரிந்த மட்டும். “ராவோர்செஸ்டஸ், இனம் தெரியவில்லை” என்பது நேர்மையான பதிவு. கைபேசிச் செயலி காட்டும் முதல் பெயரை அப்படியே ஒட்டுவதுதான் ஆபத்து. பார்த்துப் பழகிய பெயரையே அது நீட்டும். நம் மலையில் மட்டும் வாழும் தவளைக்கு எங்கேயோ வேறு மாநிலத்துத் தவளையின் பெயர் வந்துவிடும். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர்த் தளம் போன்றவற்றில் படத்தையும் குரலையும் ஏற்றுங்கள், தெரிந்தவர்கள் திருத்துவார்கள். அரிதானதற்கு இடத்தின் துல்லியத்தை மறைத்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது தமிழ் மறவன். அந்தப் பெயராலேயே அதைப் பள்ளிப் பிள்ளைகள்கூட ஞாபகம் வைத்திருக்கிறார்கள். குழியானை, கும்பிடுபூச்சி, ஊசித்தட்டான், சுவர்க்கோழி என்று ஏற்கெனவே நல்ல பெயர்கள் இருக்கும்போது புதிதாக மொழிபெயர்க்கத் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியிடம் கேளுங்கள். எந்த மழைக்கு எந்தச் சத்தம் வரும் என்று அவர்கள் சொல்வதையும், “கேள்விப்பட்டது” என்று தனியாகக் குறித்துக்கொண்டு, எழுதுங்கள். ஊராட்சிகள் வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு அதுதான் நல்ல தொடக்கம்.

எனக்குக் காட்டுக்கு வர நேரமில்லை. வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். தெருவிளக்கு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டிக்கு மேலே சுவரில் சோப்பு நுரை போல ஒரு கட்டி ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். மரத்தவளை முட்டையிட்ட நுரைக்கூடு அது. சில நாளில் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழும். எந்த நாள் கட்டியது, எந்த நாள் விழுந்தது என்று எழுதினால் அதுவே ஒரு பதிவு. வாரம் ஒரே நாள், ஒரே நேரம், பத்து நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று நான் எழுதியதைக் காட்டுகிறேன்:

வியாழன், இரவு 9.10, மழை இல்லை, 27 டிகிரி. தெருவிளக்கில் காண்டாமிருக வண்டு ஒன்று, மல்லாந்து கிடந்தது, திருப்பிவிட்டேன். பச்சைக் கும்பிடுபூச்சி ஒன்று. தேரை ஒன்று விளக்குக்கு நேர் கீழே, விழுவதை எல்லாம் தின்றபடி. குளியலறையில் மரத்தவளை ஒன்று, சோப்புப் பெட்டிக்குப் பின்னால். தொட்டிச் சுவரில் நுரை: சுழியம்.